கடுக்காய்க் கறுப்பும் கத்தி வாயும்

கத்தி செய்வதில் எந்தக் கட்டம் பிடிக்கும் என்று கேட்பவர்கள், நான் உலையைத்தான் சொல்வேன் என்று எதிர்பார்க்கிறார்கள். நெருப்பு, பொறி, சம்மட்டிச் சத்தம். எனக்குப் பிடித்தது கடைசிக் கட்டம். சாணை முடிந்து, வாட்டர் பேப்பரில் தேய்த்துத் தேய்த்துக் கை மரத்துப்போன பிறகு, ஒரே நிறத்தில் பளபளக்கும் தகட்டை ஃபெரிக் குளோரைடு நிரம்பிய பிவிசி குழாய்க்குள் இறக்குகிறோமே, அந்தக் கட்டம். இறங்கும்போது அது வெறும் வெள்ளை இரும்பு. சில நிமிடம் கழித்துத் தூக்கினால் வாய்ப்பக்கம் கறுத்திருக்கும், முதுகுப்பக்கம் சாம்பல் பூத்திருக்கும், நடுவில் கத்தி நீளத்துக்கும் நெளிந்து ஓடும் ஒரு கோடு. உலையில் நான் செய்தது எது, செய்யாமல் விட்டது எது என்பதையெல்லாம் அந்தக் கோடு சொல்லிவிடும்.

எட்சிங், அதாவது இப்படி அமிலத்தில் நனைப்பது, என்றாலே அழகுக்கான வேலை என்று பலர் நினைக்கிறார்கள். அழகு வருகிறது, மறுக்கவில்லை. ஆனால் முதலில் அது ஒரு பரிசோதனை. 1863-64இல் ஷெஃபீல்டைச் சேர்ந்த ஹென்றி கிளிஃப்டன் சார்பி மெருகேற்றிய எஃகுத் துண்டை அமிலத்தில் நனைத்து நுண்ணோக்கியின் கீழ் வைத்துப் பார்த்தார். எஃகுக்குள் தனித்தனிப் பகுதிகள் இருப்பது அப்படித்தான் கண்ணுக்குத் தெரிந்தது. இன்றும் உலோகவியல் ஆய்வகங்களில் ஆல்கஹாலில் சிறிது நைட்ரிக் அமிலம் கலந்து தடவித்தான் எஃகைப் படிக்கிறார்கள். நம் பட்டறையில் குழாய்க்குள் நடப்பதும் அதே வேலைதான். நுண்ணோக்கிக்குப் பதிலாக நம் கண்.

என் பட்டறை சித்தூரில், வீட்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை. சம்பள வேலை திருப்பதியில். செய்வது அடுப்படிக் கத்திகள் மட்டும். நம் ஆயுதச் சட்ட விதிகளில் 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்திகளுக்குக் கட்டுப்பாடு உண்டு. வீட்டு உபயோகம், விவசாயம், தொழில் இவற்றுக்காகச் செய்தவை அதில் வராது. புதிதாக இறங்குகிற பிள்ளைகள் இதை முதலிலேயே தெரிந்துகொள்வது நல்லது. வாள் செய்யும் ஆசை எனக்கு இல்லை. காய் நறுக்கும் கத்திக்குள்ளேயே ஓர் ஆயுளுக்கான வேலை இருக்கிறது.

நான் செய்வது மூன்றடுக்குக் கத்தி. அப்படியென்றால் நடுவில் கரிச்சத்து கூடிய எஃகு, இருபுறமும் மெல்லிரும்பு. மூன்றையும் வெங்காரம் தூவி, வெளிர் மஞ்சள் நிறத்துக்குச் சூடேற்றி, அடித்து ஒன்றாக்குவது. நடு எஃகு கடினமானது, வாய் நிற்கும், ஆனால் கீழே விழுந்தால் உடையும். இருபுறத்து இரும்பு அதைத் தாங்கிப் பிடிக்கும், சாணைக்கும் சீக்கிரம் இணங்கும். ஜப்பானின் சகாயிலும் எச்சிசெனிலும் இந்த முறையில் செய்யும் கத்திகளுக்கு உலகமெங்கும் ஆள் காத்திருக்கிறது. நம் கொல்லுப்பட்டறைகளிலும் கோடரி வாய்க்கும் கடப்பாரை முனைக்கும் எஃகு வைத்து அடிக்கிற பழக்கம் இருந்ததுதான். எஃகு விலை கூடுதல், இரும்பு மலிவு. வெட்டுகிற இடத்துக்கு மட்டும் எஃகு போதும் என்ற கணக்கு.

நடுவில் வைக்க நான் எடுப்பது பழைய நல்ல அரம், இல்லையென்றால் பேரிங் வளையம். இஎன்31 எனப்படும் பேரிங் எஃகில் கரி 1 சதவீதம் போல இருக்கும், கொஞ்சம் குரோமியமும் உண்டு. எங்கள் நெடுஞ்சாலைப் பக்கம் லாரிக் கமான் பட்டைக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் அதில் கரி 0.5, 0.6 சதவீதம்தான். அரிவாளுக்கு அது தங்கம். மெல்லிய வாய் வேண்டிய காய்கறிக் கத்திக்கு எனக்கு அது போதவில்லை. மரவாடி ரம்பப் பட்டைகளில் சிலவற்றில் நிக்கல் கலந்திருக்கும். ஒரு துண்டை வெட்டி அமிலத்தில் போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும்: மற்றதெல்லாம் கறுக்க, நிக்கல் கலந்தது மட்டும் வெள்ளையாகவே நிற்கும். அடுக்கடுக்காய்க் கோலம் வேண்டுபவர்கள் அதைத் தேடிப் பிடிக்கிறார்கள்.

எனக்கு அடிக்கச் சொல்லிக் கொடுத்த ஆச்சாரி ஒரு விஷயத்தில் மட்டும் விடாப்பிடியாக இருப்பார். "ரெண்டு பக்கமும் சமமா அடி தம்பி. ஒரு பக்கமே சாத்திக்கிட்டு இருந்தா நடுவுல இருக்கறது ஓடிப்போயிடும்." அவர் சொன்னதை அமிலம் அப்படியே நிரூபிக்கும். ஒரு பக்கமே அடித்த கத்தியில் கோடு வலப்புறம் வாயிலிருந்து ஒரு விரற்கடை மேலே நிற்கும், இடப்புறம் வாயோடு ஒட்டிக்கொள்ளும். இன்னும் மோசமானால் வாயில் எஃகே இருக்காது, வெறும் இரும்பு. அந்தக் கத்தி தக்காளித் தோலைக்கூடக் கிழிக்காது, நசுக்கும். பார்வைக்கு மட்டும் எந்தக் குறையும் தெரியாது. நனைத்தால்தான் தெரியும்.

இந்த மண்ணில் எஃகை நனைத்துப் பார்ப்பது நேற்றுத் தொடங்கிய சங்கதி இல்லை. தென்னிந்தியாவின் மூசை எஃகை, உலகம் ஊட்ஸ் என்று அழைத்ததை, இங்கே எல்லோரும் பெருமையாகப் பேசுகிறோம். சென்னிமலைப் பக்கம் கொடுமணலில் தமிழ்ப் பல்கலைக்கழகம் தோண்டிய இடங்களில் உலைகள் கிடைத்தன. மேல்சிறுவளூரில் மூசைச் சில்லுகளை ஆராய்ந்து எழுதியவர் சாரதா சீனிவாசன். சேலம் பக்கத்தில் இந்த எஃகு செய்வதைப் பார்த்து 1830களில் எழுதிய ஜோசையா மார்ஷல் ஹீத், மூசைக்குள் இரும்போடு ஆவாரங்கட்டையும் எருக்கிலையும் வைத்து மூடுவார்கள் என்று குறித்திருக்கிறார். இரண்டும் சித்தூர் சாலையோரத்தில் இன்றும் கேட்பாரற்று வளர்கின்றன. லண்டனில் ஜார்ஜ் பியர்சன் 1795இல் இந்த எஃகைப் பற்றி ராயல் சொசைட்டிக்குக் கட்டுரை எழுதினார். அடுத்த தலைமுறையில் மைக்கேல் ஃபாரடே, கத்தி செய்கிற ஜேம்ஸ் ஸ்டோடார்ட்டோடு சேர்ந்து இதைப்போல ஒன்றைச் செய்து பார்க்க முயன்றார். மின்சாரத்தால் பேர் வாங்கிய ஃபாரடே ஒரு கொல்லரின் மகன். அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு சந்தோஷம்.

ஊட்ஸ் வாளில் தெரியும் அலை, அடுக்கி ஒட்டியதால் வருவதில்லை. ஒரே கட்டி எஃகுக்குள் கார்பைடுத் துகள்கள் வரிசை கட்டி நிற்பதால் வருவது. வனேடியம் போன்ற தனிமங்கள் மிகச் சொற்ப அளவில் கலந்திருப்பதுதான் அந்த வரிசைக்குக் காரணம் என்று வெர்ஹோவனும் பெண்ட்ரேயும் 1990களில் காட்டினார்கள். இன்று கடைகளில் டமாஸ்கஸ் என்று விற்பது வேறு வகை, எஃகுகளை அடுக்கி ஒட்டி மடித்தது. அமெரிக்காவில் பில் மோரன் 1973இல் அப்படிச் செய்த கத்திகளைக் கண்காட்சியில் வைத்த பிறகு அது மறுபடி பரவியது. நான் செய்வது இந்த இரண்டாவது குடும்பத்தில் எளிய உறுப்பினர், மூன்றே அடுக்கு. ஊட்ஸ் என்று சொல்லி விற்க எனக்கு உரிமை இல்லை. வேறு யாராவது அடுக்குக் கத்தியை ஊட்ஸ் என்று சொல்லி விற்றால் வாங்காதீர்கள்.

இரண்டு வகைக்கும் பொதுவானது கடைசி நனைப்பு. பழைய இந்திய வாள் மெருகுகாரர்கள், சிக்லிகர்கள், அதற்கு அன்னபேதிக் கரைசலைப் பயன்படுத்தினார்கள். அன்னபேதி எங்கள் ஊர் நாட்டு மருந்துக் கடையில் இன்றும் பொட்டலம் கட்டித் தருகிற பச்சைக் கல், இரும்பு சல்ஃபேட். ஜாவாவில் கிரிஸ் கத்திக்கு எலுமிச்சைச் சாறும் பாஷாணமும். எனக்கு ஃபெரிக் குளோரைடு. திருப்பதியில் பொறியியல் பிள்ளைகளுக்கு புராஜெக்ட் சாமான் விற்கும் கடைகளில், சர்க்யூட் போர்டு அரிப்பதற்கென்று கிடைக்கும்.

நனைப்பதற்கு முந்தைய வேலையைச் சொல்லாமல் நனைப்பைச் சொல்வது தப்பு. அமிலம் எதையும் மறைக்காது, எல்லாவற்றையும் பெரிதுபடுத்தும். 120 கிரிட் தாளின் ஒரே ஒரு கீறல் 600இல் தேய்க்கும்போது கண்ணுக்குத் தப்பிவிடும். நனைத்து எடுத்ததும் நகக்கீறல் மாதிரி நடு மார்பில் நிற்கும். அதனால் ஒவ்வொரு கிரிட்டுக்கும் திசையை மாற்றுகிறேன். 220 குறுக்கே, 400 நீளவாட்டில், 600 மறுபடி குறுக்கே. முந்தைய திசையின் கோடு ஒன்றுகூட மிச்சமில்லாத பிறகுதான் அடுத்த தாள். கடைசித் தாளை முன்னும் பின்னும் ஓட்டக்கூடாது, கைப்பிடிப் பக்கத்திலிருந்து முனை நோக்கி ஒரே இழுப்பு. திரும்புகிற இடத்தில் கொக்கி மாதிரி ஒரு வளைவு விழும், அதுவும் பிறகு தெரியும். தாளுக்குப் பின்னால் தட்டையான இரும்புத் துண்டை வைத்தால் எஃகும் இரும்பும் சந்திக்கும் இடம் குழியாகாது. மெல்லிரும்பு சீக்கிரம் தேயும், எஃகு தேயாது. விரலால் அழுத்தித் தேய்த்தால் இரண்டுக்கும் நடுவே ஒரு படி விழுந்துவிடும். மின்விளக்கை விடக் காலை வெயில் நல்லது. கொட்டகை வாசலில் கத்தியைச் சாய்த்துப் பிடித்தால் ஒளிந்திருக்கும் கீறல் எல்லாம் எழுந்து வரும்.

1000 கிரிட்டோடு நான் நிறுத்திக்கொள்வேன். அதற்கு மேல் கண்ணாடி மாதிரி மெருகேற்றினால் அமிலம் சீராகப் பிடிப்பதில்லை என்பது என் அனுபவம்.

பிறகு எண்ணெய்ப் பசை நீக்குவது. பாத்திர சோப்பு, பிறகு அசிட்டோன், பிறகு கையால் தொடவே கூடாது. நீர் விட்டுப் பாருங்கள்: துளித்துளியாய்ப் பிரிந்தால் எண்ணெய் இருக்கிறது, ஒரே படலமாய்ப் படர்ந்து நின்றால் தயார். எங்கள் பக்கத்து போர்வெல் தண்ணீரில் உப்பு அதிகம், காய்ந்தால் வெள்ளைப் புள்ளி விழும். கரைசலுக்கும் கடைசி அலசலுக்கும் பேட்டரிக்கு ஊற்றும் சுத்திகரித்த தண்ணீர்தான் வாங்குகிறேன்.

கரைசல் ஒரு பங்குக்கு மூன்று பங்கு தண்ணீர், சில சமயம் நான்கு. கட்டியாக வாங்கினால் தண்ணீருக்குள் கட்டியைச் சிறிது சிறிதாகப் போட வேண்டும், கட்டியின் மேல் தண்ணீரை ஊற்றக்கூடாது. அது கரையும்போது நன்றாகச் சூடாகும். கையுறை, கண்ணாடி, திறந்த வெளி மூன்றும் கட்டாயம். எவர்சில்வர் பாத்திரம் வேண்டவே வேண்டாம், அதையும் தின்றுவிடும். ஒரு முனையில் மூடி ஒட்டிய பிவிசி குழாய் நிறுத்திவைக்க வாகானது. இன்னொன்று, சர்க்யூட் போர்டு அரித்த பழைய கரைசலை இனாமாகத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் வாங்காதீர்கள். அதில் செம்பு கரைந்திருக்கும். இரும்பை உள்ளே விட்டதும் செம்பு கத்தியின் மேல் ஏறிச் சிவப்பாய்ப் படிந்துவிடும்.

உள்ளே நடப்பது எளிமையான வேதியியல். ஃபெரிக் குளோரைடு இரும்பைக் கரைத்து ஃபெரஸ் குளோரைடாக மாறுகிறது. கரிச்சத்து கூடிய, தோய்ச்சல் (சூடாக்கி நனைத்துக் கடினமாக்குவது) ஏறிய எஃகின் மேல் கரி கறுப்பாய்த் தங்கிவிடுகிறது. மெல்லிரும்பில் தங்குவதற்குக் கரி இல்லை, அதனால் சாம்பல் நிறம். ஒட்டிய இடத்தில் உலைச் சூட்டில் எஃகிலிருந்து இரும்புக்குள் கொஞ்சம் கரி நகர்ந்திருக்கும். அந்த எல்லையில் தெரியும் மங்கலான பட்டை அதுதான். தோய்ச்சல் சரியாக ஏறாத இடமும் நிறத்தில் காட்டிக்கொடுக்கும். ஒட்டாமல் விட்ட இடம் இருந்தால் மயிரிழை போல ஒரு கறுப்புக் கோடு விழும். அந்தக் கோட்டை எந்தத் தாளாலும் தேய்த்து அகற்ற முடியாது. அப்படிப்பட்ட கத்தியை யாருக்கும் கொடுக்கக்கூடாது.

ஒரே மூச்சில் நீண்ட நேரம் விடுவதை விட, நாலைந்து நிமிடம் விட்டு எடுத்து, மேலே படிந்த கறுப்புப் பொடியை 2000 கிரிட் தாளால் மெல்லத் துடைத்து, மறுபடி இறக்குவது நல்லது. இப்படி மூன்று நான்கு முறை. மே மாதத்துச் சித்தூர் வெயிலில் கரைசல் தானே சூடாகிக் கிடக்கும், அப்போது நேரத்தைப் பாதியாகக் குறைக்க வேண்டும். முடிந்ததும் சமையல் சோடா கரைத்த தண்ணீரில் முக்கி அமிலத்தை அடக்கி, அலசி, வெந்நீரில் ஒரு முறை காட்டித் துடைத்தால் தானே உலர்ந்துவிடும். தீர்ந்துபோன கரைசலைச் சாக்கடையில் கொட்டாதீர்கள். சோடா போட்டுக் கலக்கினால் துருச்சேறாய் அடியில் படியும், அதைத் தனியாக எடுத்து வைக்கலாம். குடிநீர் சுத்திகரிப்பு நிலையங்களிலும் இதே ஃபெரிக் குளோரைடை அளவோடு சேர்க்கிறார்கள். ஆகவே நன்றாக அடக்கி அலசிய கத்தியால் காய் நறுக்க யாரும் பயப்பட வேண்டாம்.

இதோடு நிறுத்தினாலும் கத்தி அழகாகவே இருக்கும். ஆனால் கறுப்பு ஆழமாக இருக்காது. வெளிநாட்டில் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள்: உடனடிக் காபித் தூளைக் கெட்டியாகக் கலக்கி, அதில் கத்தியை இரவு முழுக்க ஊறப்போடுவது. காபியில் உள்ள லேசான அமிலமும் துவர்ப்புப் பொருள்களும் எஃகைக் கறுப்பாக்குகின்றன. நன்றாகவே வேலை செய்கிறது. அதைப் படித்தபோது எனக்கு நினைவுக்கு வந்தது காளஹஸ்தி.

திருப்பதியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம், 2022 ஏப்ரலில் மாவட்டம் பிரித்தபோது திருப்பதி மாவட்டத்துக்கே வந்த ஊர். அங்கே கலம்காரி எழுதுபவர்களின் திண்ணையில் ஒரு பானை இருக்கும். துருப்பிடித்த இரும்புத் துண்டுகள், வெல்லம், தண்ணீர். மூன்று வாரம் போல மூடி வைத்தால் வெல்லம் புளித்து வினிகராகி இரும்பைக் கரைக்கும். கசிமி என்பார்கள். மூடியைத் திறந்தால் புளித்த வாடையும் இரும்பு வாடையும் சேர்ந்து அடிக்கும், பார்க்க வெளிறிய பழுப்புத் தண்ணீர். துணியை முன்னதாகவே கடுக்காயும் எருமைப்பாலும் கலந்த நீரில் ஊறவைத்துக் காயவைத்திருப்பார்கள். மூங்கில் குச்சியில் சுற்றிய கம்பளியைக் கசிமியில் நனைத்துத் துணியில் இழுத்தால், இழுத்த கணத்தில் கோடு கறுக்கும். சீதையின் புருவமும் ராவணனின் மீசையும் அப்படித்தான் பிறக்கின்றன. கடுக்காயின் டானினும் இரும்பும் சேர்ந்த கறுப்பு அது. ஐரோப்பாவில் நூற்றாண்டுகளாக எழுதிய மைக்கும், ஜப்பானியப் பெண்கள் ஒரு காலத்தில் பல்லைக் கறுப்பாக்கிக்கொண்டதற்கும் இதே சேர்க்கைதான்.

துணியில் கடுக்காய் காத்திருக்கிறது, இரும்பு வந்து சேர்கிறது. கத்தியில் இரும்பு காத்திருக்கிறது, கடுக்காய் வந்தால் போதும். அமிலத்தில் அரித்து, சோடாவில் அடக்கி, அலசிய ஈரத்தோடு, கொட்டை நீக்கி இடித்த கடுக்காயைக் கொதிக்கவைத்து வடிகட்டி ஆறிய கஷாயத்தில் கத்தியை விடுகிறேன். சில மணி நேரத்தில் வாய்ப்பக்கம் நீலம் கலந்த கறுப்பாக மாறும். துடைத்து, எண்ணெய் தடவி, முதுகுப் பக்கத்து இரும்பை மட்டும் மெருகுப் பசையால் லேசாகத் தேய்த்தால், கறுப்பும் வெள்ளையும் எதிரெதிரே நிற்கும். காபியிலும் கறுப்பு வருகிறது. ஆனால் எங்கள் பக்கத்துக் கைவினை ஒன்று ஏற்கெனவே அறிந்துவைத்திருந்த கறுப்பு இருக்கும்போது நான் ஏன் டப்பாக் காபியைத் தேட வேண்டும்? கலம்காரி எழுதும் கைகளுக்கும் கத்தி அடிக்கும் கைகளுக்கும் இடையே ஒரு பாலம் போட முடியும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். காளஹஸ்தி கலம்காரிக்குப் புவிசார் குறியீடு கிடைத்து வருஷங்கள் ஆகின்றன. அந்தப் பானையைக் கத்தித் தொழில் பக்கமும் கொஞ்சம் நகர்த்தலாம்.

இந்தக் கறுப்பு நிரந்தரம் இல்லை. சித்தூர் மாம்பழ ஊர். கிளிமூக்கு மாங்காய் காலத்தில் தினம் மாங்காய் நறுக்கினால் அந்தப் புளிப்பு கறுப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னும், புதிதாக நீலமும் பழுப்புமாய் வேறொரு நிறம் ஏறும். கத்தி தன் வீட்டைக் கற்றுக்கொள்வது என்று இதை நான் எடுத்துக்கொள்கிறேன். வேண்டுமானால் மறுபடி கடுக்காய்.

பிடிக்குச் செம்மரம் போட்டுத் தரச் சொல்லிக் கேட்பவர்கள் இருக்கிறார்கள். சேஷாசலம் மலைப் பக்கம் இருக்கிறோம், கேட்பது இயல்பு. அனுமதிச் சீட்டு இல்லாத செம்மரத்தைத் தொடுவதில்லை. அந்த மரத்துக்காக இந்தக் காட்டில் எத்தனை ஏழை உயிர்கள் போயிருக்கின்றன என்பது இரண்டு மாநிலத்துக்கும் தெரியும். புளியமரத்து வைரம் எனக்குப் போதும். பிடிக்குள் இறங்கும் வாலை அரக்கும் செங்கல் பொடியும் வைத்துச் சூட்டோடு இறுக்கும் பழைய முறை இன்றும் நன்றாக நிற்கிறது.

திருமலையைப் பற்றி ஒன்று சொல்ல ஆசை. பேயாழ்வாரை நந்தகம் என்ற வாளின் அம்சம் என்று தமிழ் வைணவர்கள் சொல்வார்கள். அன்னமய்யாவைத் தெலுங்கு பக்தர்கள் அதே நந்தகத்தின் அம்சம் என்பார்கள். பெருமாளின் ஒரு வாள் இரண்டு மொழிகளில் கவியாகிப் பாடிய மலை இது. அதன் பக்கத்தில் கத்தி செய்வது எனக்குச் சாதாரண விஷயமாகத் தோன்றவில்லை.

வாங்குபவர்களுக்கு ஒரு வார்த்தை. இணையத்தில் மலிவாக வரும் டமாஸ்கஸ் கத்திகளில் பல, சாதாரண எவர்சில்வர் தகட்டின் மேல் லேசரால் கோலம் பொறித்தவை. சோதிப்பது எளிது. கோலம் முதுகின் விளிம்பைத் தாண்டி மறுபக்கம் இறங்குகிறதா என்று பாருங்கள். விற்பவர் சம்மதித்தால் ஒரு மூலையை 600 தாளில் தேய்த்து நனைக்கச் சொல்லுங்கள். உண்மையானதாக இருந்தால் கோலம் திரும்பி வரும். பொய்யாக இருந்தால் தேய்த்த இடம் மொட்டையாகவே நிற்கும்.

வாங்கவே வேண்டாம் என்பவர்களுக்கும் ஒன்று இருக்கிறது. உங்கள் வீட்டுப் பரணில் பாட்டி காலத்து அரிவாள்மனை கிடக்கலாம். பழைய இரும்புக் கடைக்குப் போடும் முன், அதன் வாயை ஒட்டிக் கட்டைவிரல் அகலத்துக்கு 220 தாளிலும் பிறகு 600இலும் தேய்த்து, சோப்புப் போட்டுக் கழுவி, எலுமிச்சைச் சாறு தடவிக் கால் மணி நேரம் விடுங்கள். வாயோரம் தனியாக ஒரு கறுப்புப் பட்டை எழுந்தால், அங்கே எஃகு வைத்து அடித்திருக்கிறார்கள், அல்லது வாய்க்கு மட்டும் தோய்ச்சல் போட்டிருக்கிறார்கள். இரண்டில் எது என்றாலும் ஓர் ஆச்சாரி அறிந்து செய்த வேலை அது. கழுவி, ஈரம் போகத் துடைத்து, தேங்காய் எண்ணெய் தடவி, சாணை பிடித்து அடுப்படியிலேயே வைத்துக்கொள்ளுங்கள். எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.